கூப்பிட்டால் வர வேண்டும்

"முத்து."

பூனை காதைக்கூட அசைக்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் படுத்துக்கொண்டு முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி குழாயடியில் நின்றாள். உள்ளங்கையில் ஒரு நெத்திலிக் கருவாடு.

அவள் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றார். கையில் கோணிச்சாக்கு.

காம்பவுண்டில் மற்ற வீட்டுக்காரிகள் நாங்கள் அவரவர் வேலையாக நின்றோம். எனக்குக் காய்ந்த துணியை மறுபடி காயப்போடுகிற வேலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வைத்த கெடு. கூப்பிட்டால் வருவதுதான் வீட்டுப் பூனை, வராதது தெருப் பூனை, தெருப் பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவேன் என்று போன வாரமே சொல்லிவிட்டார். அதை அவளிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். காம்பவுண்டுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு அது சௌகரியம்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சுக்குப் பதில் சொல்கிற ஒரே உயிர் அந்தப் பூனை. 'மியாவ்' ஆனாலும் பதில்தானே.

நானும் பதில் சொல்வேன். ஆனால் என்னிடம் பேசினால் நாலு வீட்டுக்குப் பேசின மாதிரி. அது அவளுக்குத் தெரியும்.

"முத்து… முத்து…"

பூனை அடுத்த காலுக்கு மாறியது.

கூப்பிட்டால் வருவதைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும். "ஏட்டி" என்று ஒரு சத்தம். அடுப்பில் என்ன கொதித்தாலும் அவள் வந்து நிற்பாள்.

அவளை யாரும் கருவாடு கொடுத்துப் பழக்கவில்லை.

அவள் அவரை "இந்தாங்க" என்பாள். அவ்வளவுதான். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று யாரோ சொல்லி அனுப்பியதை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கட்டிக் காக்கிறாள். ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் முகத்தைப் பார்ப்பாள். நான்தான் சொல்வேன்.

அந்தக் கணக்கில் அவர் ஆயுசை நான் எவ்வளவு குறைத்திருக்கிறேனோ.

அவர் சிரித்தார். ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்துகிறாள், திரும்பிப் பார்க்கிறதா பாருங்கள் என்று எங்களைச் சாட்சிக்கு வேறு கூப்பிட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

மதியம் அவர் சீட்டாடப் போனதும் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே யாரையோ கூப்பிடுவாள். ரகசியக் குரலில், ஒரே ஒரு தரம். அப்புறம் கொஞ்சல். "என் ராசா, சொன்னதும் வந்துட்டியே."

சுவரில் தம்ளரைக் கவிழ்த்துக் காதை வைத்தேன். கொஞ்சல் கேட்டது. பெயர் பிடிபடவில்லை. கருவாட்டு வாசம் மட்டும் வந்தது.

அகப்படாத பெயரை வைத்துக்கொண்டு நான் என்னென்னவோ நினைத்தேன். எதிர்வீட்டுச் சொர்ணத்தையும் கொஞ்சம் நினைக்கச் சொன்னேன்.

அவர் சாக்கை உதறினார். தூசி பறந்தது. அதன் வாயை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார்.

அவள் சாக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

அவள் வாய் திறந்தது. மூடியது.

பிறகு சொன்னாள். கத்தவில்லை. நிதானமாக, கடைசி வீடு வரைக்கும் கேட்கிற மாதிரி.

"ஆதிமூலம்."

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

முதலை வாயில் மாட்டிய யானை கூப்பிட்ட பெயர். அவர்கள் ரேஷன் கார்டில் இருக்கிற பெயர்.

திரும்பியவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் கையில் சாக்கு இருந்தது.

மற்றவர் சுவரிலிருந்து குதித்தார். வாலை நட்டமாக நிறுத்திக்கொண்டு, சாக்கைத் தாண்டி, முற்றத்தின் நடுவில் நடந்து வந்தார். அவள் காலில் உரசினார்.

அவள் குனிந்து கருவாட்டைக் கொடுத்தாள்.

"என் ராசா" என்றாள். சொன்னது பூனையிடம். பார்த்தது அவரை.

"கூப்பிட்டேன், வந்துட்டு. வீட்டுப் பூனைதான்."

சொர்ணம் என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன்.

சட்டம் போட்டதே அவர்தான். சாக்கை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க வரவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஆயுசுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியம் ரசத்துக்கு மறுசோறு வாங்கியதை என் அடுப்படி ஜன்னல் வழியாக நானே பார்த்தேன்.

சீட்டாட மட்டும் போகவில்லை.

சாயங்காலம் அவள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"ஆதிமூலம்."

ஒரே ஒரு தரம்.

பூனை என் மடியில் கிடந்தது. என் வீட்டு மீன்தலையைத் தின்றுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது.

காலடி. மெதுவாக. அடுப்படி வரைக்கும் போய் நின்றது.

காப்பி ஆற்றுகிற சத்தம்.

நான் என் தம்ளரைத் தேடினேன்.