கைப்பைச் சோதனை

"பையைத் தலைகீழாக் கவிழ்த்துக் காட்டும்மா. உள்ள ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாது."

பெரியவர் அப்படிச் சொன்னதும் அவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. அந்தச் செருப்புக் கடையில் கல்லாவுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, தலைவலி மாத்திரை, மகளுடைய உடைந்த மூக்குக்கண்ணாடி எல்லாம் மேசைமேல் உருண்டன.

பெரியவர் முதலாளியின் அப்பா. கடையைத் தொடங்கியவரே அவர்தான். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மூடியையும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

வெளியே வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண்மணி, செருப்பு பார்க்க வந்தவள், இந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கல்லாச் சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?"

"ஆமாங்கய்யா. தண்ணி குடிக்கப் போனப்ப மட்டும் உங்ககிட்ட கொடுத்துட்டுப் போனேன்."

"நான் உக்காந்திருக்கறப்ப ஒரு ஈ காக்கா கிட்ட வந்திருக்குமா? அதுக்கு முன்னாடியோ பின்னாடியோதான் நோட்டுக் கட்டு போயிருக்கு. டேய், கதவைச் சாத்து. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

"சரிப்பா" என்று முதலாளி போய்க் கதவைச் சாத்தினார். நாற்பது தாண்டிய மனுஷன், பள்ளிக்கூடப் பையனைப் போல.

வேலைக்கு எடுத்த அன்றே முதலாளி எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். ஒரு கல்லாவுக்கு ஒரு ஆள்தான். பில் போடாமல் இழுப்பறையைத் திறக்கக் கூடாது. திரும்பி வந்த செருப்பு ஜோடிக்குப் பணம் கொடுத்தால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். சீருடையில் பாக்கெட்டே கிடையாது. கேட்கக் கேட்க அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போன கடையில் ஆளாளுக்குக் கல்லாவில் கையை விட்டார்கள். கடைசியில் பழி அவள் தலையில் விழுந்தது. அந்தப் பழி இங்கேயும் மோப்பம் பிடித்து வந்துவிட்டதே!

சாமான்களை அள்ளிப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் நின்ற மூத்த விற்பனைப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இது அடிக்கடி நடக்குமாக்கா?"

"வாரத்துல ரெண்டு மூணு தரம். பழகிடும்."

"யாராவது மாட்டியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

"அப்ப போன பணம்?"

"அதெல்லாம் கிடைச்சிடும்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, "ஐயா, என் பையில போன மாசம் தொலைஞ்ச கம்மல் கிடைச்சா கொடுங்க" என்று பெரியவரிடம் தன் பையை நீட்டினாள்.

"வாயைக் குறை" என்றார் பெரியவர். ஆனால் சிரித்தார்.

சரக்கறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் கொட்டாவி விட்டபடி தன் முறைக்குக் காத்திருந்தார். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கெல்லாம் சூடு சொரணை மரத்துப் போய்விட்டதா? நாமும் இன்னும் ஒரு வருஷத்தில் இப்படித்தான் நிற்போமா?

நேராக முதலாளியிடம் போனாள்.

"நாளையிலேர்ந்து நான் வரல சார். திருடி மாதிரி என்னால நிக்க முடியாது."

"நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா வரிசையில நிக்க வெச்சீங்க?"

"யார் எடுத்தாங்கன்னும் தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அவங்களை விட்டுட்டு எங்க மானத்தை எதுக்கு சார் வாங்கறீங்க?"

"அவங்களுக்கு எடுத்த ஞாபகமே இருக்காது. சொன்னா நம்ப மாட்டாங்க. நம்பிட்டா தாங்க மாட்டாங்க." முதலாளியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விலைப்பட்டியல் வாசிப்பது போலச் சொன்னார். "முதல் நாளே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மத்தவங்க எல்லாருக்கும் தெரியும். அவங்க சம்மதிச்சுத்தான் நிக்கறாங்க. நீங்க போறதுன்னா தாராளமாப் போகலாம், சம்பளத்தை முழுசா வாங்கிக்கலாம். போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் அங்க பாருங்க."

திரும்பிப் பார்த்தாள்.

பெரியவர் சரக்கறை அண்ணனுடைய பைக்குள் தலையை விடாத குறையாகத் துழாவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒட்டி நின்ற அக்கா, வளவளவென்று பேசிக்கொண்டே, இரண்டு விரலால் அவருடைய கோட்டுப் பைக்குள்ளிருந்து நோட்டுக் கட்டை உருவிக்கொண்டிருந்தாள். கட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. பெரியவரோ நிமிரத் தொடங்கினார்.

"ஐயா!" என்று ஓடிப் போய்த் தன் பையை அவர் முன்னால் விரித்தாள் அவள். "இந்தப் பக்கத்து ஜிப்பை நீங்க பாக்கவே இல்லையே!"