பலிபீடத்தருகே ஓர் உருவம்

ஆண்டவருக்கு அடுத்தபடியாக அந்தப் பேராலயத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர் ஆலயக் குழுத் தலைவர்தான். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவரே.

வீட்டிலிருந்தபடியே பேராலயத்தை இணையத்தில் சுற்றிப் பார்க்கலாம் என்பது அவருடைய ஏற்பாடு. மறுநாள் ஆயர் தொடங்கிவைக்கிறார். அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கணினி முன் உட்கார்ந்தார்.

பலிபீடத்தருகே படத்தைத் திருப்பியவருக்கு உடம்பு சில்லிட்டது. ஓர் உருவம் குனிந்து நின்றது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று பளபளத்தது.

பதறிப்போய்த் திரையிலேயே கல்லறை அறைக்குத் தாவினார். படத்தைத் திருப்பினால் அங்கேயும் அது!

“அடியே, ஓடி வா! கோயில்ல பேய்!”

ஈரக் கையோடு வந்த மனைவி திரையை உற்றுப் பார்த்தாள். “படம் எடுத்தப்ப உள்ள யாரு இருந்தா?”

“ஒரு ஈ காக்கா இல்ல. கேமராக்காரர்கூட தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரு.”

“நீங்க?”

“நான் மேற்பார்வை பார்க்க வேணாமா? படத்துல விழாம கேமராவுக்குப் பின்னாடியே குனிஞ்சு நின்னேன். சிரிக்காதடி! காலையில நான்தான் தனியா போய்க் கதவத் திறக்கணும்.”

“ஏங்க, அது நாலாபக்கமும் பாக்கிற கேமரா. அதுக்கு ஏது பின்னாடி?”

தலைவர் திரையைப் பார்த்தார். “அப்ப அது நானா? எனக்குத் தலை நிறைய முடி இருக்கே!”

மனைவி அந்த வட்டத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள்.

தன் உச்சந்தலையை அவர் பார்த்தது அதுவே முதல் தடவை.