மனேஜரிடம் ஒரு முறைப்பாடு

நாட்டில் நடந்த சண்டையோடு போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது அந்தக் கொழும்பு இன்டர்நெட் கம்பனி. மட்டக்களப்புக் கிளைக்கே மூன்று பிரிவுகள்.

"லைன் மூணு நாளாச் செத்துக் கிடக்கு. இண்டைக்குச் சரிவராட்டி வேற கம்பனிக்கு மாறுறன்," என்றார் போனில் காத்தான்குடி மர்சூக். கிளைக்கு மிஞ்சியிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர்; அவர் போனால் கிளையையே மூடிவிடுவார்கள்.

"பொறுங்க நானா, டெக்னிக்கலுக்குக் குடுக்கிறன்," என்றது மெல்லிய குரல்.

கரகரத்த குரலொன்று வந்து, எந்த வயரைக் கழற்றிப் பூட்டுவதென்று சொன்னது. லைனுக்கு உயிர் வந்தது.

"இனி மனேஜரைத் தாங்க."

"சொல்லுங்க, என்ன முறைப்பாடு?" என்றது கனத்த குரல்.

"முதல்ல எடுத்த தம்பி பாவம் சேர். கதைக்க ஆளில்லாத மாதிரிக் குரல். கூட இருக்கிற நீங்க ஒருக்கா விசாரிங்களன்."

"ஓம், இப்பவே விசாரிக்கிறன்."

யோகராசா போனை வைத்தான். பிரிவுக்கு ஒருவராக இருந்த மூவரில் மற்ற இருவரும் சண்டைக்குப் பயந்து கொழும்புக்கு மாறி ஏழு மாதம்.

"தம்பி, சாப்பிட்டியா?" என்றான் கனத்த குரலில்.

"இன்னும் இல்ல, சேர்," என்றான் மெல்லிய குரலில்.