கையால் தொட்டதே இல்லை

“இந்த மாதிரி போனை என் ஆயுசுல கையால தொட்டதே இல்ல தம்பி. வீட்டுக்கு வரப்போற மருமகனுக்கு ஒண்ணு வாங்கணும். இதுல நல்லது என்ன, கெட்டது என்ன, பிட்டுப் பிட்டு வைங்க பார்ப்போம்.”

சொல்லிவிட்டுப் பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெல்லிய வெள்ளைச் சட்டையில் சலவை மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

அவருடைய தம்பி மகள், கட்டினால் இந்த போன் கடைக்காரனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். தம்பியோ, “அண்ணன் சரின்னா எனக்கும் சரி” என்று பாரத்தை இவர் தலையில் இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

“அவர் வாயில பொய்யே வராது பெரியப்பா” என்றாள் பெண்.

“கடை வச்சிருக்கிறவன் வாயில பொய் வராதா? அப்ப எதை வச்சும்மா விக்கிறான்?”

அதனால்தான் மதிய இடைவேளையில், முப்பது பேரை மேய்க்கும் தன் சரக்கு அலுவலகத்திலிருந்து நழுவி, வெறும் வாடிக்கையாளராக வந்து உட்கார்ந்திருந்தார். பையன் இவரைப் பார்த்ததில்லை. மூன்று தலைமுறையாகப் பொய் படியேறாத குடும்பம். இவன் வாயிலிருந்து ஒரே ஒரு பொய் உதிர்ந்தாலும் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

இளைஞன் ஒரு பெட்டியைத் திறந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தான். “ஆபீஸ்காரங்களுக்குன்னே செஞ்சதுங்க. கம்ப்யூட்டர்ல வர்ற கடிதமெல்லாம் தானா இதுக்குள்ள வந்து விழும். நின்ன இடத்துலேருந்தே பதில் அடிக்கலாம். பாஸ்வேர்டைப் பத்து தடவை தப்பாப் போட்டா உள்ள இருக்கிறது மொத்தமும் அழிஞ்சிடும். போன் தொலைஞ்சாலும் ரகசியம் வெளிய போகாது.”

“சரி, கெட்டது?”

“அதேதாங்க. வீட்ல குழந்தை எடுத்து விளையாடினாலும் மொத்தமும் அழிஞ்சிடும்.”

பெரியவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். “படம் எடுக்குமா?”

“எடுக்காது. பாட்டும் பாடாது. பட்டனெல்லாம் எள்ளு மாதிரி இருக்கும். விரல் தடிச்சவங்க ஒரு எழுத்தை அமுக்கினா மூணு விழும். அப்புறம், கடிதம் வந்தா மூலையில ஒரு சிவப்பு லைட் மின்னும். எடுத்துப் படிக்கிற வரைக்கும் ஓயாது. சத்தத்தை எல்லாரும் அடக்கிடுவாங்க, லைட்டை எங்க போய் அணைக்கிறதுன்னு பாதிப் பேருக்குத் தெரியாது. சாப்பிட உக்காந்தா மேனேஜரும் எதிர்ல வந்து உக்காந்த மாதிரியே இருக்கும்.”

சொல்லிக்கொண்டே வந்தவனின் பார்வை ஒரு கணம் பெரியவரின் சட்டையில் நின்று மீண்டது. சலவை மடிப்பைப் பார்த்து அசந்துபோகிறான் என்று பெரியவருக்குள் சின்னதாக ஒரு பெருமை.

“பேட்டரி ஒரு வாரம் நிக்கும்னு எதிர்க்கடையில சொன்னாங்களே?”

“நிக்குங்க, போனைத் தொடாம வச்சிருந்தா. தொட்டா ரெண்டு நாள்.”

கடைசி அம்பை எடுத்தார் பெரியவர். “இந்தப் பெட்டி யார் கையும் படாத புதுசுதானே?”

“இல்லைங்க. ஒருத்தர் வாங்கிட்டுப் போய், பட்டன் சின்னதா இருக்குன்னு மூணாம் நாள் திருப்பிக் கொடுத்துட்டார். புதுசு உள்ள இருக்கு, எடுத்துத் தர்றேன்.”

“அட, பெட்டியை மறுபடி ஒட்டி வித்தா யாருக்குய்யா தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேர் போதாதா?”

பெரியவர் எழுந்தே விட்டார். “போதும் மாப்ளே, போதும்! நான் யார் தெரியுமா? உங்களைத்தான் கட்டுவேன்னு எங்க வீட்ல ஒருத்தி அடம் பிடிக்கிறாளே, அவளோட பெரியப்பா. உங்க நாக்கைச் சோதிக்கத்தான் வந்தேன்.”

இளைஞன் பதறிப் போய் எழுந்து நின்றான். கையிலிருந்த விலைப்பட்டியல் நழுவித் தரையில் விழுந்தது.

“மருமகனுக்கு வாங்கணும்னு சொன்னேனே, அந்த மருமகன் நீங்கதான். பார்த்தீங்களா, சோதிக்க வந்த இடத்துலயும் என் வாயில ஒரு பொய் வரல. அதுதான் எங்க குடும்பம்! எங்களுக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான். உங்க வீட்ல என்ன எதிர்பார்க்கிறாங்க? கூச்சப்படாம சொல்லுங்க.”

இளைஞன் தயங்கினான். “எங்க அம்மாவும் அதே ஒண்ணைத்தான் கேப்பாங்க. பொண்ணு வீட்டுப் பெரியவங்க எப்படி, பேச்சுல பொய் கலக்காதவங்களான்னு.”

“அதான் நேர்லயே பார்த்துட்டீங்களே!” பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். “இன்னிக்கே அம்மாகிட்ட பேசுங்க. என்ன சொல்லப் போறீங்க?”

அந்த நிமிர்ந்த நெஞ்சை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஐயா, நீங்க வந்ததுலேருந்து உங்க சட்டைப் பையில சிவப்பு லைட் மின்னிட்டே இருக்குங்க.”