அமைச்சரின் விடுதலை

ஏரிக்கரையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படகு வாடகைக்கு விடுகிறவர் அந்தச் சின்னப் பெண்ணின் கையிலிருந்து ஆமையைப் பிடுங்கிச் சாக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பா, பல் டாக்டர், ஒரு நிமிஷம் விக்கித்துப் போனார்.

"என்னங்க பண்றீங்க? அது எங்க ஆமை."

"இருக்கட்டும் சார். ஏரியில விடக்கூடாது."

"ஏன் விடக்கூடாது?"

"விடக்கூடாதுன்னா விடக்கூடாது."

அவ்வளவுதான். சாக்கின் வாயைக் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, கிளம்பியே விட்டார்.

டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. இது லேசில் எடுத்த முடிவா? கடையில் வாங்கி வந்தபோது தீப்பெட்டிக்குள் அடங்குகிற குட்டி அது. நாலே வருஷத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. நாள் முழுக்க ஒரே கல்லில் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கழுத்தை நீட்டியதால் வீட்டில் அதற்கு அமைச்சர் என்று பேர். தொட்டித் தண்ணீர் நாறத் தொடங்கியதும், ஒன்று அது இருக்கட்டும், இல்லை நான் இருக்கிறேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். டாக்டர் கொஞ்சம் அதிகமாக யோசித்துவிட்டார். அதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்தது.

கடைசியில்தான் ஏரி யோசனை வந்தது. வந்ததிலிருந்து அவருக்குத் தன்மேலேயே பெரிய மரியாதை. எந்த உயிரையும் அடைத்து வைப்பது பாவம் என்று, வாயைப் பிளந்து படுத்திருந்த நோயாளிகளிடமெல்லாம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுத்துப் பேச அவர்களுக்கு வழியில்லை.

மகள்தான் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஏரியில் அமைச்சருக்குச் சொந்தக்காரர்கள் நிறைய இருப்பார்கள், ராஜா மாதிரி இருப்பார் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள். இப்போது அவர் சாக்குக்குள் போய்விட்டார்.

"இந்த ஆளுக்கு இதே வேலை சார்," என்றார் கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர். "யார் கொண்டுவந்தாலும் பிடுங்கிக்குவாரு. ஏரியில வலை போட்டு வேற பிடிக்கிறாரு. கறிக்குத்தான்னு பேச்சு."

அது குழந்தையின் காதில் விழுந்து தொலைத்தது. அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

டாக்டர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு சைக்கிளைத் துரத்தினார். ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டுக்குள் சைக்கிள் நுழைந்தது. ஆதாரத்துக்கு வீடியோ, தேவைப்பட்டால் போலீஸ் என்று முடிவு கட்டிக்கொண்டு கதவைத் தட்டினார்.

படகுக்காரரின் மனைவி கையில் ஒரு கட்டுக் கீரையோடு கதவைத் திறந்தார்.

"ஆமைக்காரங்களா? வாங்க, பின்னாடிதான் இருக்காரு."

கொல்லைப்புறத்தில் கால் வைக்க இடமில்லை. சிமெண்ட் தொட்டி, பழைய குளியல் தொட்டி, பாதியாக அறுத்த டிரம் என்று வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏறி உட்காரக் கல், மேலே கம்பிவலை. உள்ளே, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட ஆமைகள், நாற்பதாவது இருக்கும். அமைச்சர் அதற்குள் ஒரு கல்லைப் பிடித்துப் பதவியேற்றிருந்தார்.

"குளியலறையிலயும் மூணு இருக்கு," என்றார் அந்த அம்மா, கீரையை நறுக்க உட்கார்ந்தபடி. "நாங்க குளிக்கிறது நாத்தனார் வீட்டுலதான்."

மகளின் அழுகை நின்றுவிட்டது. டாக்டருக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு பாசமா பாத்துக்கறீங்க. இதுங்களை ஏரியிலயே விட்டுடலாமே?"

படகுக்காரர் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். "இதுங்க இந்த ஏரியைச் சேர்ந்ததில்ல சார். வேற ஏதோ கண்டத்துலேருந்து கடைக்கு வந்தது. நம்ம ஏரியில உள்ளங்கை அளவு ஒரு ஆமை இருந்துச்சு. ரொம்பக் கூச்சம் அதுக்கு. வெயில் காயக் கல்லுல ஏறும். இதுங்க ஏறி உக்காந்தா இறங்கறதே இல்ல. அது தண்ணியிலயே கிடந்து நோஞ்சானாகிப் போச்சு. தவளை முட்டையையும் மீன் குஞ்சையும் இதுங்க தின்னே தீத்துடுச்சு. முன்னெல்லாம் சாயங்காலமானா தவளை கத்தற கத்துல பக்கத்துல பேசறது கேக்காது. இப்ப படகு பெடல் சத்தம் அக்கரை வரைக்கும் கேக்குது."

"அந்தக் குட்டி ஆமை இப்ப எங்க?" என்று கேட்டாள் மகள்.

"நான் கடைசியா பாத்து ஆறு வருஷமாச்சு பாப்பா."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏரியில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று டாக்டருக்குப் பயமாக இருந்தது. அவசரமாகப் பழியை இறக்கிவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

"எல்லாத்துக்கும் முதல்ல ஒருத்தன் கொண்டுவந்து விட்டிருப்பான் பாருங்க, அவனைச் சொல்லணும். கொஞ்சமாவது அறிவு வேண்டாம்?"

படகுக்காரர் காலி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

"எங்க பொண்ணு கல்யாணமாகிப் போனப்ப அவ தொட்டியில ரெண்டு ஆமை இருந்துச்சு," என்றார் அந்த அம்மா, கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "பாவம், அதுங்களாவது நல்லா இருக்கட்டும்னு நடு ஏரி வரைக்கும் படகு மிதிச்சுப் போய் விட்டுட்டு வந்தது இவர்தான்."