பாராட்டுடன் முப்பது

"பென்னேசி, நீவெஸ்" என்று பட்டியலில் இருந்த பெயரைப் படித்தார் பேராசிரியர் பிரண்டிமார்தே.

நீவெஸ் எழுந்து போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். வயது ஐம்பத்தேழு. பின்னால் பெஞ்சுகளில் தங்கள் முறைக்குக் காத்திருந்த நாற்பது பேருக்கும் அவள் பிள்ளைகளைவிடக் குறைந்த வயது.

இந்தச் சட்டக் கல்லூரியில் வணிகச் சட்டத்துக்கு வாய்மொழித் தேர்வுதான். கதவைத் திறந்து வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை நம்பித்தான் அவள் வந்திருந்தாள். மார்க்குக்காக வரவில்லை.

"இந்த வயசுல எதுக்கும்மா இந்த வம்பு? வீட்ல பேரப்பிள்ளைங்க இல்லையா?"

பெஞ்சுகள் சிரித்தன. அவர் ஜோக்குக்குச் சிரிக்காதவன் வெறும் பாஸ் மார்க்கான பதினெட்டோடு வீட்டுக்குப் போவான் என்பது அங்கே எழுதாத சட்டம்.

"இருக்காங்க சார். அதுங்களுக்குச் சொல்லக் கையில கதை தீந்துபோச்சு. அதான் படிக்க வந்தேன்."

"சரி. ஒரு கம்பெனி திவாலாயிடுச்சு. கோர்ட் ரிசீவரைப் போடுது. அவர் சொத்தை எப்படி விக்கணும்?"

கேட்டுவிட்டார். பத்தே கேள்விகளை வைத்துக்கொண்டு முப்பது வருடமாகக் காலம் தள்ளுகிற மனிதர், இதைக் கேட்காமல் எங்கே போவார்?

ஃபெர்மோ என்ற ஊருக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஷூ ஃபாக்டரி இருந்தது. தைக்கிற பெண்கள் நாற்பத்து மூன்று பேர். ஐந்து வருடத்துக்கு முன்னால் மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டி வந்தது. அந்த மாதமே, ஆட்களோடு சேர்த்து முழுசாக வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவன் வாசலில் வந்து நின்றான். ரிசீவர் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி, விற்பனைத் தாளை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மெஷின்கள் ஒருவனுக்கு, கம்பெனிப் பெயர் ஒருவனுக்கு, கட்டடம் இன்னொருவனுக்கு.

நாற்பத்து மூன்று பேரும் தெருவுக்கு வந்தார்கள்.

இது தப்பு என்று ஒரு சட்டப் பேராசிரியர் சொல்லாமல் கோர்ட் திரும்பிக்கூடப் பார்க்காது என்றார் வக்கீல். நான்கு ஊர்களில் நான்கு பேராசிரியர்களைப் போய்ப் பார்த்தாள். கதையைக் கேட்டு நால்வரும் கொதித்தார்கள். ரிசீவரின் பெயரைக் கேட்டதும் நால்வரும் ஃபைலை மூடினார்கள். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

பெயரைச் சொன்னால்தானே வாய் மூடுகிறது? சொல்லாமல் கேட்டால்? அதற்காகவே சட்டம் படிக்கச் சேர்ந்தாள். மூன்று வருடம் ஆயிற்று, இந்த நாற்காலிக்கு வந்து சேர.

பிரண்டிமார்தேயின் புத்தகத்திலிருந்து பதில் சொன்னாள். தொள்ளாயிரம் பக்கம், அதில் பாதி அடிக்குறிப்பு, அடிக்குறிப்பில் பாதி அவரே அவரை மேற்கோள் காட்டிக்கொண்டது. ஃபாக்டரியை முதலில் முழுசாக விற்கப் பார்க்க வேண்டும், ஆட்களின் பிழைப்பு கெடாமல். வேறு வழியே இல்லையென்றால்தான் துண்டு போடலாம். வரி பிசகவில்லை. தன் வாக்கியம் அடுத்தவர் வாயில் வரும் சுகத்தில் மனிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மனப்பாடம் கிளிகூடப் பண்ணும். உதாரணம் சொல்லுங்க."

சொன்னாள். ஊரைச் சொல்லவில்லை, தன்னுடையது என்றும் சொல்லவில்லை. நாற்பத்து மூன்று என்ற கணக்கை மட்டும் மாற்றாமல் சொன்னாள்.

"கார்லேருந்தே இறங்கலையா?" அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "ரிசீவரா அவன்? கழுதை! கோர்ட் அவனைத் தூக்கி எறிஞ்சிருக்கணும். நஷ்டத்தை அவன் கைக்காசுலேருந்து புடுங்கணும். இதைவிடத் தெளிவான கேஸ் சட்டத்துலயே கிடையாது."

இந்த வார்த்தைகளைக் கேட்கத்தான் நான்கு ஊர்களின் படியேறி இறங்கியிருந்தாள்.

"பாராட்டுடன் முப்பது" என்றார். முப்பதுதான் முழு மார்க். பாராட்டு அதற்கும் மேலே. வருடத்துக்கு ஒருவருக்கு அவர் கொடுத்தால் அதிகம். "போறதுக்கு முன்னாடி அந்தக் கழுதை பேரைச் சொல்லுங்கம்மா. அடுத்த பதிப்புல அடிக்குறிப்பா போட்டு நாறடிச்சுடறேன்."

பெஞ்சுகள் மறுபடி சிரித்தன.

"அடிக்குறிப்பு எதுக்கு சார்? பேரு புத்தக அட்டையிலயே இருக்கே."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. கடைசியாக நின்றது அவருடையது.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அப்போதும் அவருக்கு அவளைத் தெரியவில்லை. காரில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்ட எத்தனையோ வாசல்களில் இவள் எந்த வாசல் என்று தேடிக்கொண்டிருந்தார். அவளுக்கு வலித்தது அதுதான்.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்று மார்க் போட்ட தாளை அவசரமாக அவள் பக்கம் தள்ளினார்.

கொடுத்த மார்க் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு, அடுத்த தவணையில் அதே ஆசிரியர் எதிரே மறுபடி உட்காரலாம். அது மாணவரின் உரிமை. பதினெட்டு வாங்கியவர்கள் மறுப்பதுண்டு. பாராட்டுடன் முப்பதை மறுத்தவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

"எனக்கு வேண்டாம் சார்" என்று தாளைத் திருப்பித் தள்ளினாள் நீவெஸ். "செப்டம்பர்ல மறுபடியும் வர்றேன். அப்பவும் உதாரணம் கேளுங்க."

அவள் கதவை நெருங்கியபோது, பின்வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் செப்டம்பரில் எந்தத் தேதி என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.