ஏற்றிவைத்த வேகம்

வெள்ளக் கணக்கைக் கம்ப்யூட்டரில் மூன்றாவது முறை ஓட்டியபோது தண்ணீர் வேறு பக்கம் போனது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். திரும்ப உட்கார்ந்தாள்.

அதே ஆறு. அதே மழை. அதே வரைபடம். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை.

போன வாரம் முதல் முறை ஓட்டியபோது ஆற்றங்கரைக் காலனி தப்பித்திருந்தது. வெள்ளத்தின் நீலம் காலனியின் வேலியோடு நின்றுவிட்டது. அதை நம்பித்தான் அறிக்கை எழுதினாள். அந்தப் பக்கம் கரையை உயர்த்தத் தேவையில்லை என்று கையெழுத்தும் போட்டாள். நாளைக் காலை அவளுடைய மேலதிகாரி வான்மதி மேடம் அதைக் கலெக்டர் ஆபீஸில் படிக்கப்போகிறார்.

அறிக்கையோடு வைக்கப் பெரிய படம் ஒன்று வேண்டும் என்றுதான் நேற்று மறுபடி ஓட்டினாள்.

காலனி மூழ்கியது.

பதறிப்போய் இன்று காலை இன்னொரு தடவை. பாதிக் காலனி மூழ்கியது. மீதித் தண்ணீர் எதிர்க்கரைத் தோட்டத்துக்குள் போய்விட்டது.

ஒரே கணக்குக்கு மூன்று விடை.

"நீதான் எங்கியாச்சும் விட்டிருப்ப. பொறுமையா பாரு" என்று சிபி நேற்றே சொல்லியிருந்தான். அவள் கணவன். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். அவளும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு, பொறுமையாகத்தான் பார்த்தாள். தூக்கம் போனதுதான் மிச்சம்.

பார்க்க வேறொன்றும் பாக்கியில்லாமல் மெஷினை அணைத்துப் போட்டாள். அவள் ஒருநாளும் எட்டிப் பார்க்காத செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனாள்.

பிராசஸரின் வேகத்தை ஏற்றியிருந்தது. எண்களைத் தேக்கிவைக்கும் ரேமின் வேகத்தையும்.

யார் என்று கேட்க வேண்டியதில்லை.

போன மாதம் ஆயுத பூஜை அன்று அவன் மெஷினைக் கழற்றித் தூசி தட்டினான். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தான். இன்று ஒருநாள் அதைத் தொடாதே, சாமி கும்பிட்ட மெஷின் என்றான். ஆபீஸில் கொடுத்த மெஷினுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். மாப்பிள்ளையைப் பாருங்கள் என்று எழுதினாள்.

அந்த ஒருநாளில்தான் ஐயா கைவரிசையைக் காட்டியிருக்கிறார்.

எதற்கு? அதே மெஷினில் அவன் ஆடும் கேம் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட.

கேம் ஓடியது. அது ரேமில் ஒரு மூலையைத்தான் தொடும். அவளுடைய வரைபடம் அப்படியல்ல. ஆற்றின் இரண்டு கரையிலும் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் ஓர் எண். மெஷினில் உள்ள நான்கு ரேமையும் அடைத்துக்கொண்டுதான் உட்காரும். அவ்வளவு பாரத்தோடு அந்த வேகத்தில் ஓடினால் எங்காவது ஓர் எண் புரண்டுவிடும். மெஷின் நிற்காது. எச்சரிக்காது. ஏதோ ஒரு பள்ளம் மேடாகிவிடும், தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும்.

நின்று தொலைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்து அறையில் அவன் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் எரிச்சலாக இருந்தது.

வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினாள். ஓட்டினாள். மெஷின் ஆடி அசைந்து போனது. முடிகிறவரை அவள் எழவில்லை.

காலனி மூழ்கியது.

இன்னொரு முறை ஓட்டினாள். அதே வீடுகள். அதே ஆழம். பால்வாடி இருக்கும் இடத்தில் நீலம் கறுத்துக் கிடந்தது.

வெளியே வெயில் இறங்கியபோது சிபி உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான். புரிந்துவிட்டது. அதில் கெட்டிக்காரன்தான்.

"கொஞ்சூண்டுதான் ஏத்துனேன். கேம்ல ஒருதடவகூட நிக்கல, தெரியுமா?"

அவள் திரும்பாமல் பால்வாடி இருந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

அவன் அவள் தோளில் கை வைத்தான். குரலை இறக்கினான்.

"இப்ப என்ன ஆயிப்போச்சு? மொதல்ல வந்ததுதான் நல்ல ரிசல்ட்டு. ஆபீஸுக்கும் சந்தோசம், கலெக்டருக்கும் சந்தோசம். அதையே குடுத்துட்டுப் போ. யாருக்குத் தெரியப்போகுது?"

நல்ல ரிசல்ட்.

அவன் கையை எடுத்துக் கீழே விட்டாள். போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நாளைக்கு அந்த ரிப்போர்ட்டப் படிக்காதீங்க. தப்பாப் போச்சுங்க மேடம். காலனி முங்குது."

அந்தப் பக்கம் வான்மதி மேடத்தின் குரல் உயர்ந்தது. எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, இப்போது வந்து தப்பு என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். எப்படி ஆயிற்று என்று கேட்டார்.

சிபி கையை வேகமாக ஆட்டினான். மெஷின் ரிப்பேர் என்று சொல்லச் சொல்லி உதட்டை அசைத்தான்.

"கையெழுத்து என்னுதுதான் மேடம். அதுக்கு நான் பதில் சொல்றேன்" என்றாள். "எப்படி ஆச்சுன்னு இவர்கிட்டக் கேளுங்க. பக்கத்துலதான் நிக்கறாரு."

போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ஹலோ?" என்றார் மேடம். "ஹலோ, யாரு?"

அவன் ஓரடி பின்னால் போனான்.

அவள் கையை இறக்கவில்லை.